தூர்ந்த கிணறுகளின்மேல் ஒரு நகரம்

நிலம் திடீரென உள்வாங்கிப் பள்ளமாவதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை மிகுந்த நாடுகளே எடுத்துக்காட்டாகக் கூறப்படும். மழைநீரில் கலந்துள்ள கரியமில வாயு அந்நீரை மெல்லிய அமிலமாக்குகிறது. அது பாறையை ஆயிரமாயிரம் ஆண்டுகள் கரைத்துக் குகைகளை உண்டாக்குகிறது. குகையின் மேற்கூரை தாங்காத நாளில் மேலேயுள்ள நிலம் சரிகிறது. மௌலானா ரூமி (ரஹ்) அடங்கியுள்ள கோன்யா நகரைச் சூழ்ந்த சமவெளியில் இத்தகைய பள்ளங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. துருக்கியர் அவற்றை ‘ஒப்ருக்’ என்பர். பாசனத்திற்காக நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் அண்மைப் பத்தாண்டுகளில் அவை பெருகின. சாக்கடலின் கரைகளிலோ, நீர்மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்க, நன்னீர் புகுந்து உப்புப் படிவங்களைக் கரைத்ததன் விளைவாக ஆயிரக்கணக்கான பள்ளங்கள் தோன்றிவிட்டன.

திருப்பூர் அத்தகைய நிலமன்று. நொய்யல் ஆற்றுப் படுகையின் அடியில் இருப்பவை நைஸ், சார்னோகைட்டு முதலிய மிகப் பழைய கடினப் பாறைகள். இவை நீரில் கரைவதில்லை. கோவையை அடுத்த மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் உண்டு. அங்கே சிமெண்டு ஆலை எழுந்ததற்கும் அதுவே காரணம். ஆயினும் அது நீளும் பட்டையாக அமைந்த படிகச் சுண்ணாம்பேயன்றித் திருப்பூர் வரை பரந்த படிவமன்று. ஆகவே பின்னலாடை ஆலையோ அடுக்குமாடி வீடோ பள்ளிவாசல் விரிவாக்கமோ தொடங்குவோர், “இங்கே பத்தடியில் பாறை” என்று சொல்லி நிம்மதி கொள்வது வழக்கமாகிவிட்டது. அந்த நிம்மதி பாதியளவே சரியானது. பாறை கரையாது என்பது உண்மை. அப்பாறையில் மனிதன் வெட்டிய குழிகள் எங்கே போயின என்பதை எவரும் கேட்பதில்லை.

கொங்கு நாட்டின் வேளாண்மை கிணற்றையே நம்பியிருந்தது. கிணறு உள்ள நிலம் தோட்டம்; இல்லாதது காடு. தஞ்சையில் காண்பது போன்ற சிறிய உறைகிணறுகள் அல்ல இவை. மேல்மண்ணையும் சுக்கான் படிவத்தையும் கடந்து, பாறையை வெடிவைத்துப் பிளந்து, கவலை இறைப்பதற்கேற்பச் சதுரமாகவும் நீள்சதுரமாகவும் வெட்டப்பட்ட பெருங்கிணறுகள். நிலத்தைத் தோண்டுவதில் இப்பகுதியினரின் பழக்கம் மிகவும் தொன்மையானது. காங்கயத்தை அடுத்த படியூரில் நீலப் பச்சைக்கல் வெட்டியெடுக்கப்பட்டதையும், நொய்யற்கரைக் கொடுமணலில் மணிகளைத் தீட்டிய பட்டறைகள் அகழாய்வில் வெளிப்பட்டதையும் வரலாறு கற்றோர் அறிவர்.

இன்று நகர் என்றும் காலனி என்றும் வழங்கும் இடங்கள் பல, ஒரு தலைமுறைக்கு முன் தோட்டங்களே. பனியன் தொழில் பெருகிய காலத்தில் தோட்டங்கள் மனைகளாயின. சாயக்கழிவால் கிணற்று நீர் உப்பேறிப் பயனற்றுப் போயிற்று. பின்னர் காவிரி நீர் குழாய் வழியே நகருக்கு வந்தது. நீருக்கும் உதவாத, நிலத்தையும் அடைத்துக்கொண்டிருக்கிற கிணற்றை மனைக்கு உரியவர் என்ன செய்வார்? கட்டட இடிபாடு, சாம்பல், துணிக்கழிவு, குப்பை என்று கிடைத்ததையெல்லாம் கொட்டித் தூர்த்து, மேலே இரண்டடி செம்மண் பரப்பி விற்றுவிடுவார். வாங்குபவருக்குச் சமதளமான மனை கிடைக்கிறது. அதனடியில் நாற்பது, ஐம்பது அடி ஆழத்திற்கு இறுகாத நிரப்பு இருப்பதைப் பத்திரம் சொல்வதில்லை.

இந்த நிரப்பு உடனே அமிழ்வதில்லை, ஆபத்தும் அதிலேதான். உள்ளிருக்கும் மரமும் துணியும் மட்கி இடைவெளி உண்டாகிறது. பாறையின் வெடிப்புகள் வழியே நீர்மட்டம் மழைக்காலத்தில் ஏறிக் கோடையில் இறங்குகிறது. இறங்கும்போது நுண்மண்ணையும் இழுத்துச் செல்கிறது. பாதாளச் சாக்கடையிலோ குடிநீர்க் குழாயிலோ கசிவு இருந்தால் வேலை விரைவாக நடக்கும். வெற்றிடம் அடியிலிருந்து மேல்நோக்கி வளர்கிறது. தரைத்தளமும் சாலையின் தார்ப்பரப்பும் பாலம்போல் நின்று அதனை மறைத்துக்கொண்டேயிருக்கின்றன. ஒரு நாள் சரக்குந்து ஒன்றின் சக்கரம் அந்தப் பாலத்தை உடைக்கிறது. சென்னை அண்ணாசாலையில் 2017 ஏப்ரல் 9ஆம் நாள் மாநகரப் பேருந்தும் மகிழுந்தும் பள்ளத்தில் இறங்கியதைத் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். அங்கே காரணம் மெட்ரோ ரயிலுக்கான சுரங்கப் பணி. காரணம் வேறானாலும், மேற்பரப்பு கடைசி நொடி வரை எதையும் காட்டிக்கொடுக்காது என்ற பாடம் ஒன்றே.

தூர்ந்த குழிகளின்மேல் வாழும் ஊர் திருப்பூர் மட்டுமன்று. ஈரானின் தெஹ்ரான் மாநகர், கனாத் எனப்படும் பழைய நிலத்தடி நீர்ச்சுரங்கங்களின்மேல் பரந்து வளர்ந்தது. மலையடிவார நீரைச் சாய்வான சுரங்கத்தின் வழியே ஊருக்குக் கொணர்ந்த அவை பயன்பாடு ஒழிந்து மறக்கப்பட்டன. இன்று தெருக்களும் கட்டடங்களும் அவற்றின்மேல் அமிழ்வது அந்நகரப் பொறியாளர்களின் நிரந்தரக் கவலை. கனாத் வெட்டும் கலைக்கு இலக்கணம் செய்தவர் கணித மேதை அபூபக்ர் முஹம்மது அல்கரஜீ. இயற்கணித வரலாற்றில் நிலைத்த இடம் பெற்ற அவர், கி.பி. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘இன்பாதுல் மியாஹில் கஃபிய்யா’, அதாவது மறைந்த நீரை வெளிக்கொணர்தல் என்னும் நூலை இயற்றினார். ஐதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் இந்நூலை அச்சிட்டது நம் நாட்டுக்குப் பெருமை. நிலத்தின் மேற்பரப்பில் காணும் குறிகளைக்கொண்டு அடியில் இருப்பதை ஊகிப்பதும், சாய்வை அளக்கும் கருவிகளும் அதில் விரிவாகப் பேசப்படுகின்றன.

சட்டநூலாரும் இதனைக் கருதாமல் இல்லை. கிணற்றைச் சுற்றிப் பிறர் தோண்டக்கூடாத எல்லைக்கு ஃபிக்ஹில் ‘ஹரீம்’ என்று பெயர். ஹனஃபீ நூல்கள் கால்நடைக் கிணற்றுக்கு நாற்பது முழம் என அளவு கூறும். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ முழக்கணக்கை விடுத்து வேறொரு அளவுகோலைக் கைக்கொள்கிறது: எந்தத் தொலைவில் தோண்டினால் கனாத்தின் நீர் குறையுமோ, அல்லது இடிந்து விழும் என்ற அச்சம் ஏற்படுமோ, அத்தொலைவு வரை அதன் ஹரீம். நமது மத்ரஸாக்களில் மின்ஹாஜ் ஓதியோர் பலர் இவ்வரியை நீர்ப்பங்கீட்டுச் செய்தியாகவே கடந்து சென்றிருப்பர். எல்லையை மண்ணின் தன்மையே முடிவுசெய்கிறது என்னும் பொறியியல் உண்மை அதில் அடங்கியிருப்பது கவனத்திற்குரியது. அந்தத் தன்மையைத் தோண்டாமலே அறிவதெப்படி என்பது அடுத்த வினா.

இவ்வினாவுக்கு விடை கூறுவது புவி இயற்பியல் அளவாய்வு. நம்மவர்க்கு இது முற்றிலும் புதிதன்று. ஆழ்துளைக் கிணறு போடுமுன் நீரோட்டம் பார்ப்பவர்களில் சிலர் வேப்பங்குச்சியும் தேங்காயும் கொண்டு வருவர். வேறு சிலர் பெட்டி ஒன்றையும் கம்பிச்சுருளையும் நான்கு இரும்பு முளைகளையும் கொண்டு வருவர். இரண்டாமவர் செய்வதே மின்தடை ஆய்வு. வெளி முளைகள் இரண்டின் வழியே நிலத்துள் மின்சாரம் செலுத்தி, உள் முளைகள் இரண்டுக்கிடையே மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். 1912ஆம் ஆண்டையொட்டி பிரான்சில் கான்ராட் ஷ்லம்பர்ஜே தொடங்கிய சோதனைகளின் வழிவந்த முறை இது. முளைகளின் இடைவெளி கூடக் கூட மின்சாரம் ஆழமாகப் பாய்கிறது. இன்று பல பத்து முளைகளை ஒரே வரிசையில் நட்டு, கணிப்பொறியின் உதவியால் நிலத்தின் குறுக்குவெட்டுத் தோற்றத்தையே வண்ணப்படமாக வரைந்துவிடலாம்.

படம் அழகாகத்தான் இருக்கும். அதைப் படிப்பதில்தான் சிக்கல். வெடிப்பில்லாத நைஸ் பாறையின் மின்தடை எண் ஆயிரம் ஓம்-மீட்டருக்கும் மேல். சிதைந்த பாறை சில பத்துகளிலிருந்து நூறு, நூற்றைம்பது வரை. களிமண் இருபதுக்கும் கீழ். காற்று நிறைந்த வெற்றிடம் மின்சாரத்தையே கடத்தாதாகையால் மிக உயர்ந்த மதிப்பைக் காட்டும். அதே வெற்றிடத்தில் நீர் நிறைந்துவிட்டால் மதிப்பு அடியோடு வீழ்ந்துவிடும். திருப்பூரில் இதனோடு உப்பும் சேர்கிறது. பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்குச் சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் ஏராளமாகப் பயன்படுகின்றன. பல்லாண்டுகள் அவை நொய்யலிலும் ஓடைகளிலும் கலந்தன. 1992இல் பாசனத்திற்காகக் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறிய கதை நாடறிந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டு, கழிவுநீர் சொட்டும் வெளியேறாத முறை நிறுவப்பட்ட பின்னரே திறக்கலாம் என்றது. ஆற்றில் கலப்பதற்குத் தடை விழுந்தாலும், நிலத்துள் இறங்கிய உப்பு வெளியேற நெடுங்காலம் ஆகும். குடிநீருக்கு மாற்றுவழி இல்லாதபோது ஏற்கத்தக்க உச்ச அளவு என இந்தியத் தர நிர்ணயம் வகுத்த லிட்டருக்கு 2000 மில்லிகிராம் உப்பை, இப்படுகையின் கிணறுகள் பல தாண்டியிருக்கின்றன.

இதன் பொருள் என்ன? படத்தில் நீல நிறத்தில் பத்து ஓம்-மீட்டர் என்று ஓர் இடம் தெரிந்தால், அது ஈரக் களிமண்ணாகவும் இருக்கலாம். உப்புநீர் ஊறிய சிதைந்த பாறையாகவும் இருக்கலாம். குப்பை நிறைந்து நீரில் ஊறிய பழங்கிணறாகவும் இருக்கலாம். நீரோட்டம் பார்ப்பவர் அதனையே நல்ல நீர் என்று சொல்லி ஆயிரம் அடி துளையிடச் செய்வதும் உண்டு. நான்கு பொருளுக்கும் ஒரே எண். படத்தை மட்டும் நம்பிக் கம்பியும் சிமெண்டும் இறக்குவது, நாடியை மட்டும் பார்த்து அறுவை செய்வதற்கு ஒப்பு.

ஆகவேதான் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் தேவைப்படுகின்றன. தரையில் உருட்டிச் செல்லும் ராடார் கருவி உலர்ந்த மணலில் பத்து மீட்டர் வரையும் பார்க்கும். களிமண்ணும் உப்பும் உள்ள நிலத்தில் அதன் அலை ஓரிரு மீட்டரிலேயே மடிந்துவிடும். திருப்பூரில் குழாய்களைக் கண்டறியவும், காங்கிரீட் தளத்துக்கு நேரடியாகக் கீழேயுள்ள இடைவெளியைக் காணவும் அது உதவும். ஆழக் கிணற்றைத் தேட உதவாது.

ஈர்ப்பு அளவாய்வு வேறு வகை. அடியில் பொருள் குறைந்திருந்தால் அங்கே புவியின் ஈர்ப்பும் மிகச் சிறிதளவு குறையும். 3 மீட்டர் ஆரமுள்ள வெற்று உருண்டை ஒன்று, அதன் நடுப்புள்ளி 6 மீட்டர் ஆழத்தில் இருக்குமாறு மண்ணுள் அமைந்திருப்பதாகக் கொள்வோம். கணக்கிட்டால் குறைவு ஏறத்தாழ 38 மைக்ரோகல். மொத்த ஈர்ப்பில் பத்துக் கோடியில் நான்கு பங்கு! அதனையும் இன்றைய கருவிகள் அளந்துவிடுகின்றன. ஆனால் ஆழம் இருமடங்கானால் குறைவு கால் பங்காகி ஒன்பதாகிவிடும். வெற்றிடத்தில் இடிபாடு நிறைந்து, சுற்றியுள்ள மண்ணுக்கும் அதற்கும் அடர்த்தி வேறுபாடு ஆறிலொன்றாகக் குறைந்தாலோ, எஞ்சுவது ஆறு மைக்ரோகல். பின்னல் இயந்திரங்களும் சரக்குந்துகளும் இடையறாது அதிரும் நகரில் அதனைப் பிரித்தறிவது அரிது. இரவில் அளப்பது ஓரளவு பயன்தரும்.

தூர்ந்த கிணற்றுக்கு மிகவும் ஏற்றது, என் கருத்தில், மேற்பரப்பு அலை முறை. தரையில் சம்மட்டியால் ஓர் அடி. வரிசையாகப் பதித்த உணர்கருவிகள் அந்த அதிர்வு எவ்வளவு விரைவில் வந்து சேர்கிறது என்று பதிவு செய்கின்றன. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் புவியியல் அளவாய்வுத் துறையினர் 1999இல் செம்மையாக வெளியிட்ட முறை இது. இறுகாத நிரப்பில் குறுக்கலையின் வேகம் நொடிக்கு 100 முதல் 200 மீட்டர். சிதைந்த பாறையில் நானூறு, ஐந்நூறு. திண்ணிய பாறையில் ஆயிரத்துக்கும் மேல். இங்கே உப்பு குறுக்கிடுவதில்லை. ஏனெனில் குறுக்கலை பார்ப்பது விறைப்பையே தவிர நீரின் சுவையையன்று. மின்தடையும் தாழ்ந்து, அலைவேகமும் தாழ்ந்து இருக்கும் இடம் ஐயத்திற்குரியது. மின்தடை மட்டும் தாழ்ந்து, அலைவேகம் உயர்ந்திருந்தால் அது உப்புநீர் ஊறிய பாறை எனக் கொள்வது பொருந்தும். ஐயத்திற்குரிய இடத்தில் துளையிட்டு மண்ணெடுத்துப் பார்த்த பிறகே தீர்ப்பு. அடித்தள ஆய்வுக்கான ஐ.எஸ். 1892 விதித்தொகுப்பும் அளவாய்வைத் துளையிடலுக்குத் துணையாகவே கொள்கிறது. துளையை எங்கே இடுவது என்று காட்டுவதே அளவாய்வின் பணி. மனையின் நான்கு மூலையில் நான்கு துளை என்ற நடைமுறையில் நடுவிலுள்ள கிணறு தப்பிவிடுமல்லவா?

மற்றுமொரு நடைமுறைத் தடையும் உண்டு. மின்தடை முறையில் முளை வரிசையின் நீளத்தில் ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்கு ஆழமே தெளிவாகத் தெரியும். 20 மீட்டர் ஆழம் பார்க்க 100 மீட்டர் நீள வெளி வேண்டும். அறுபதடி முகப்புள்ள மனையிலோ மூன்றரை மீட்டரோடு பார்வை நின்றுவிடும். இருபுறமும் வீடு எழுந்துவிட்ட பின் கருவியாளரை அழைத்து என்ன பயன்? தோட்டம் தோட்டமாக இருக்கும்போதே, மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கேட்கும் கட்டத்திலேயே, முழு நிலத்தையும் ஒருமுறை அளப்பதுதான் அறிவுடைமை. செலவு மனைகள் அனைத்திற்கும் பகிர்ந்துவிடும். ஒப்புதல் தரும் நகர் ஊரமைப்புத் துறை இதனைக் கட்டாயமாக்கலாம். சாலை அகலத்திற்குக் காட்டும் கண்டிப்பில் சிறு பங்கு போதும்.

கருவிக்கு முன்பே பார்க்க வேண்டியவை சில உண்டு. கிராம நில அளவைப் புலப்படத்தில் கிணறுகள் குறிக்கப்பட்டிருக்கும். இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலவரைபடங்களிலும் அவ்வாறே. அடங்கலில் பாசன ஆதாரம் எழுதப்பட்டிருக்கும். அத்தோட்டத்தில் ஏர் பிடித்த முதியவர் ஒருவர் இருந்தால், அவர் விரல் நீட்டும் திசையில் முதல் வரிசையை இடுவது நல்லது. வக்ஃபு நிலங்களில் கட்டடம் எழுப்பும் ஜமாஅத்தார்க்கு இது மேலும் எளிது. தானப் பத்திரத்தில் எல்லை கூறும்போதே கிணறும் பெரும்பாலும் கூறப்பட்டிருக்கும்.

உப்பைப் பற்றி மேலும் ஒன்று கூறவேண்டும். அது அளவாய்வைக் குழப்புவதோடு நில்லாது. கேரளத்தின் கண்ணூர், இடுக்கி, வயநாடு மலைச்சரிவுகளில் மண்ணுக்குள் குழாய்போல் சுரங்கங்கள் அரிக்கப்பட்டு நிலம் அமிழ்வதைத் திருவனந்தபுரத்திலுள்ள தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் மின்தடை முறையால் ஆராய்ந்தது. சோடியம் மிகுந்த களிமண் நன்னீர் பட்டதும் பால்போல் கலைந்து ஓடுவதே அங்கே அடிப்படைக் காரணங்களுள் ஒன்று. சுண்ணாம்பு இட்டால் கால்சியம் சோடியத்தை வெளியேற்றிக் களிமண்ணை மீண்டும் பிணைக்கும் என்பதால் அதுவே மருந்தாகவும் பரிந்துரைக்கப்பட்டது. சாயக்கழிவு பாய்ந்த நிலத்திலும் களிமண்ணில் ஏறியிருப்பது சோடியமே. நீரில் உப்பு மிகுந்திருக்கும் வரை அக்களிமண் கலையாது. கழிவு நின்று, மழை உப்பைக் கழுவிய பிறகுதான், களிமண்ணில் ஒட்டிய சோடியம் தன் வேலையைத் தொடங்கும். நிலைமை சீர்பட்ட பின்னரே ஆபத்து தலைகாட்டக்கூடும் என்பது இவ்வேதியியலின் விந்தை. சோதிப்பது எளிது: கண்ணாடிக் குவளையில் வாலைநீர் ஊற்றி, பட்டாணியளவு மண்கட்டியை மெதுவாக இடுங்கள். சற்று நேரத்தில் கட்டியைச் சுற்றி மேகம்போல் கலங்கல் பரவி, தெளியாமல் நின்றால், அம்மண்ணை ஆய்வகத்திற்கு அனுப்பியே ஆகவேண்டும்.

இடம் உறுதியான பின் நிலைப்படுத்தும் வழிகள் பலவுண்டு. கிணறு ஆழமற்றதாயின் நிரப்பை முழுதும் அள்ளியெடுத்து, அடியில் பெருங்கற்கள், அதன்மேல் சிறுகற்கள், பின் கப்பி, மேலே மண் என்று அடுக்கடுக்காக இறுக்குவதே சிறந்தது. நீர் போகும், மண் போகாது. ஆழமாயின், தூண்கள் நிரப்பில் நில்லாதபடி பாறை வரை பைல் இறக்கலாம். அல்லது கிணற்றின் வாய்க்கு இருபுறமும் பாறையில் ஊன்றிய உத்தரத்தால் பாலம் அமைக்கலாம். ஏற்கெனவே கட்டடம் எழுந்துவிட்ட இடத்தில் துளைகள் வழியே சிமெண்டும் உலைச்சாம்பலும் கலந்த குழம்பைச் செலுத்துவதே பெரும்பாலும் எஞ்சும் வழி. அங்கே இரண்டு எச்சரிக்கைகள். நிலத்தடி நீரில் சல்பேட் மிகுந்திருப்பதால் சாதாரண சிமெண்டு நாளடைவில் உப்பி உதிரும்; சல்பேட்டைத் தாங்கும் சிமெண்டோ கசடு கலந்த சிமெண்டோ வேண்டும். மேலும், ஊற்றுக்கண்ணாக இருந்த பாறை வெடிப்புகள் இன்னும் திறந்தேயிருக்கின்றன. அழுத்தத்தோடு செலுத்தும் குழம்பு அவற்றின் வழியே ஓடி அண்டை வீட்டாரின் ஆழ்துளைக் கிணற்றில் போய் உறையலாம். மின்ஹாஜ் கூறும் ஹரீமை இங்கே மறுதிசையில் பார்க்க நேர்கிறது: நம் பழுதை நாம் அடைக்கும்போது பிறர் நீர் குறையக்கூடாது. அழுத்தத்தைக் குறைத்து, குழம்பைக் கெட்டியாக்கி, அக்கம்பக்கக் கிணறுகளைக் கண்காணித்தவாறே செலுத்தும் ஒப்பந்தக்காரர் நேரம் அதிகம் எடுப்பார், அவரையே தேர்ந்தெடுங்கள்.

குழம்பு செலுத்தி இருபத்தெட்டு நாள் கழித்து, முன்பு அளந்த அதே கோடுகளில் அலைவேகத்தை மீண்டும் அளக்கவேண்டும். 150 மீட்டராக இருந்த இடம் உயர்ந்திருக்கிறதா, அல்லது சிமெண்டு மூட்டைகள் மட்டும் செலவாகியிருக்கின்றனவா என்பது அப்போது தெரியும். கட்டடத்தின் மூலைகளில் பித்தளைக் குறிகள் பதித்து, அடுத்து வரும் இரண்டு வடகிழக்குப் பருவமழைகளுக்கு முன்னும் பின்னும் அவற்றின் மட்டத்தைப் பார்த்து வைப்பதும், அப்பதிவையும் அளவாய்வுப் படத்தையும் பத்திரத்தோடு சேர்த்துக் கட்டி வைப்பதும் வழக்கமாக வேண்டும்.